வரிக்கு மெட்டுப் போட்டவர்

பாஞ்சாலங்குறிச்சி செட்டு மொத்தம் இரண்டே தடவைதான் மேடை ஏறியது. 1799இல் ஒரு தடவை, 1801இல் ஒரு தடவை. இரண்டு தடவையும் கும்பினிக்காரன் பீரங்கியோடு வந்து கச்சேரியைக் கலைத்துவிட்டான். முதல் கச்சேரி முடிந்ததும் முன்பாட்டுக்காரர் கட்டபொம்மனைக் கயத்தாறுக்குக் கொண்டுபோய்ப் புளியமரத்தில் தூக்கில் போட்டான். இரண்டாவது முடிந்ததும் மேடையையே இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தான் என்பார்கள். அதோடும் ஆத்திரம் தீராமல் ஊரின் பெயரையே ஏட்டிலிருந்து அடித்துவிட்டானாம். ஒரு செட்டைக் கலைக்க இவ்வளவு பாடுபட்டவன் உலகத்தில் வேறு எவனும் இருக்க மாட்டான்.

அப்படியும் அந்தச் செட்டு 158 வருஷம் கழித்துத் தன் பெரிய ஆல்பத்தை வெளியிட்டது. முன்பாட்டுக்காரருக்குத் தொண்டை கொடுத்தது சிவாஜி கணேசன். மெட்டு ஜி. ராமநாதன். முதல் காட்சி எங்கே தெரியுமா, லண்டனில்!

2023இல் ரோலிங் ஸ்டோன்ஸ்காரர்கள் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். சொந்தப் பாட்டாகப் போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது, மிக் ஜாகருக்கு வயது 80 என்று உலகமே வாயைப் பிளந்தது. எங்கள் கரிசல்காட்டில் இதற்கெல்லாம் யாரும் வாயைப் பிளக்க மாட்டோம். எண்பது வயதில் பாடுகிறவருக்கு உயிராவது இருக்கிறது. எங்கள் ஆள் செத்து 160 வருஷம் கழித்துப் பாடினார், அதுவும் டெக்னிகலரில்.

ஆல்பத்தைப் பேசுமுன் செட்டு கலைந்த கதையைச் சொல்லியாக வேண்டும். எல்லாக் கோஷ்டிகளையும் போல இதுவும் கணக்கு வழக்கில்தான் கலைந்தது.

1798இல் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கிஸ்தி பாக்கி 3,310 வராகன். கலெக்டர் ஜாக்சனுக்கு மூக்குக்கு மேல் கோபம். இராமநாதபுரத்தில் வந்து பார் என்று ஓலை அனுப்பினார். கட்டபொம்மன் குற்றாலத்தில் போய் நின்றார். இங்கே பார்க்க முடியாது என்றார் கலெக்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் நின்றார், அங்கேயும் முடியாது. இருபத்து மூன்று நாள், நானூறு மைல், கலெக்டரின் பல்லக்குக்குப் பின்னாலேயே ஒரு பாளையக்காரர் படையும் பரிவாரமுமாக அலைந்திருக்கிறார். இன்றைக்குத் தாலுகா ஆபீசில் ஒரு பட்டா மாறுதலுக்கு அலைகிறவன் யாரும் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். கடைசியில் செப்டம்பர் 10ஆம் தேதி இராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. மூன்று மணி நேரம் நிற்கவைத்தே பேசினார் ஜாக்சன்.

இப்போது சொல்லப்போவதை எங்கள் ஊர்ப் பக்கம் சத்தமாகச் சொல்ல முடியாது. அந்தப் பேட்டியில் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டபொம்மன் ஏற்கெனவே கட்டிவிட்டார் என்று தெரிந்தது. மிச்சம் 1,080 வராகன். அதாவது, கிஸ்தியே கட்டமாட்டேன் என்று சிங்கம்போல நின்ற மனிதர், மூன்றில் இரண்டு பங்கு கட்டி முடித்துவிட்டுத்தான் நின்றார். அதற்குப் பிறகும் வெளியே போகாதே என்று மடக்கப்போக, வாசலில் கைகலப்பு. லெப்டினண்ட் கிளார்க் செத்தார், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொண்டார், ஊமைத்துரை வந்து அண்ணனை மீட்டுப்போனார்.

பின்னாடி நடந்ததுதான் விசேஷம். கட்டபொம்மன் சென்னைக்கு மனுப் போட்டார். கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு விசாரணைக் குழு வைத்தார். வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசமேஜர் மூன்று பேரும் உட்கார்ந்து விசாரித்து, கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். ஜாக்சனுக்கு வேலை போயிற்று. சினிமாவில் அரண்மனையே அதிர ஒருவர் கர்ஜித்து ஜாக்சனின் முகத்தைத் தொங்கவைப்பார். நிஜத்தில் அந்த வேலையை ஒரு மனுத்தாள் செய்தது. மனுத்தாளுக்கு யார் கைதட்டுவார்கள், அதனால் அது படத்தில் எடுபடவில்லை.

அடுத்து வந்த கலெக்டர் லூசிங்டன், அதற்கடுத்துப் படையோடு வந்த மேஜர் பானர்மேன், இவர்களெல்லாம் மனு வாங்குகிற ஆட்கள் இல்லை. 1799 செப்டம்பர் 1ஆம் தேதி பானர்மேன் ஓலை அனுப்பினார்: 4ஆம் தேதி பாளையங்கோட்டையில் ஆஜராக வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து மழுப்பலாக ஒரு பதில் போனது. 5ஆம் தேதி பீரங்கி வந்தது. அக்டோபர் 16, கயத்தாறு.

ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, தரைமட்டமாகக் கிடந்த மண்கோட்டையைச் சில நாளில் மறுபடி எழுப்பினார். பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். கரிசல் மண்ணையும் வைக்கோலையும் குழைத்துக் கட்டின சுவர். பீரங்கிக் குண்டு பட்டால் உடையாமல் உள்ளே சொருகிக்கொள்ளும் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. அதுவும் மே 24ஆம் தேதி விழுந்தது. வாய் பேசாத தம்பி தலைமை தாங்கிய இரண்டாவது கச்சேரிதான் முதல் கச்சேரியைவிட அதிக நாள் நடந்தது. இருந்தும் படம் எடுக்கிறவன் வாயுள்ள அண்ணனைத்தானே எடுப்பான்!

செட்டு போயிற்று, பாட்டு போகவில்லை. கும்மிப் பாட்டாகவும் கதைப் பாடலாகவும் கூத்தாகவும் அது கரிசலெங்கும் அலைந்தது. கம்பளத்தார் வீட்டு விசேஷங்களில் தேவதுந்துபி முழங்க தேவராட்டம் ஆடினார்கள். ஊர் ஊராகக் கட்டபொம்மன் நாடகம் போட்டார்கள். கதை ஊர் தாண்ட ஒரு சுற்றுப் பெருக்கும். பத்தாவது ஊரில் கும்பினிப் படை கடலளவு ஆகிவிடும். அப்படி ஊர் தாண்டிப்போன ஒரு கம்பளத்தார் கூத்தைத் திருச்சிப் பக்கம் ஒரு சின்னப் பையன் பார்த்து வாயைப் பிளந்தான். நடிகனாகிறதென்றால் இந்த வேஷம்தான் என்று அப்போதே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டான். பிற்பாடு அவன்தான் சிவாஜி கணேசன்.

முடிச்சு அவிழ்ந்தது 1957இல். சக்தி டி. கே. கிருஷ்ணசாமி வசனம் எழுத, சிவாஜி நாடக மன்றம் சேலத்தில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தை அரங்கேற்றியது. கத்திக் கத்தி மேடையிலேயே சிவாஜி ரத்தம் கக்கினார் என்று ஒரு பேச்சு உண்டு. ரத்தம் கக்கியும் விடாமல் நூறு தடவைக்கு மேல் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு பி. ஆர். பந்துலு தம் பத்மினி பிக்சர்ஸுக்காகப் படமாக்க முன்வந்தார். வரலாற்றுக்கு ம.பொ.சி. காவல் நின்றார். வரலாற்றைத் திருப்பிப்போட்டுப் பார்ப்பதற்குப் பிற்பாடு தமிழ்வாணன் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்று ஒரு புத்தகமே எழுதினார். ஒரே ஆளுக்கு இரண்டு பேர் இரண்டு ஜாதகம் எழுதினார்கள். இரண்டையும் வாங்கிப் படித்துவிட்டு ஒன்றைத் திண்ணையிலும் இன்னொன்றைப் பரணிலும் வைத்திருந்த வீடுகள் எங்கள் பக்கம் உண்டு.

இனி ஆல்பம். மெட்டுப் போட வந்த ஜி. ராமநாதன் அப்போது நேற்று முளைத்தவர் இல்லை. அண்ணன் சுந்தர பாகவதரின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துத் தொடங்கினவர். தியாகராஜ பாகவதரின் பட்டுஜிப்பாவும் வைரக்கடுக்கனும் மின்னின காலத்தில் 'சிவகவி', 'ஹரிதாஸ்' படங்களில் பாபநாசம் சிவனோடு நின்றவர். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. பாகவதர் சிறைக்குப் போய்த் திரும்பினார், சிம்மாசனம் காலியாயிற்று. ராமநாதன் மட்டும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தர்பாருக்கு நடந்தார். எம்.ஜி.ஆருக்கு 'மந்திரி குமாரி', 'மதுரை வீரன்'. சிவாஜிக்கு 'தூக்குத் தூக்கி', 'அம்பிகாபதி'. டி. எம். சௌந்தரராஜன் சிவாஜிக்குப் பாடினால் சிவாஜியே பாடுகிற மாதிரி இருக்கும் என்று ஊருக்குக் காட்டினது 'தூக்குத் தூக்கி'தான்.

கர்நாடக சங்கீதக்காரர் என்று அவரை ஓரமாக உட்காரவைக்கவும் முடியாது. 1958இல் 'உத்தம புத்திரன்' படத்தில் ஹெலன் ஆட, சிவாஜி கையைத் தட்டித் தோளைக் குலுக்க, ராக் அண்ட் ரோலைப் பிடித்துவந்து ராஜா காலத்து அரண்மனைக்குள் அவிழ்த்துவிட்டவர் அவர். எல்விஸ் பிரெஸ்லி பட்டாளத்துக்குப் போன அதே வருஷம். அங்கே ஆள் குறைந்ததை இங்கே ஈடுகட்டினார் என்று வைத்துக்கொள்வோம்.

ஆனாலும் 1959 அவருக்குக் கொஞ்சம் சங்கடமான வருஷம். ஏப்ரலில் ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' வந்தது. ஏ. எம். ராஜா இசை. தொண்டையைத் திறக்காமல், காதோடு ரகசியம் சொல்கிற மாதிரி பாடி ஊரை மயக்கிவிட்டார். எட்டுக்கட்டைச் சுருதியில் வளர்ந்த ஊர் திடீரென்று தணிந்த குரலுக்குத் தலையாட்ட ஆரம்பித்தது. இன்னொரு பக்கம் விஸ்வநாதன் – ராமமூர்த்தி. கட்டபொம்மன் வந்த அதே மே மாதத்தில், சில நாள் இடைவெளியில், கண்ணதாசன் 'சிவகங்கைச் சீமை'யைக் கொண்டுவந்து இறக்கினார். ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்த மருது சகோதரர்களின் கதை; அதற்கு மெட்டு விஸ்வநாதன் – ராமமூர்த்தி. 1801இல் ஒரே அணியில் நின்று வெள்ளையனை எதிர்த்தவர்கள் 1959இல் எதிரெதிர்க் கொட்டகையில் நின்றார்கள். கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவனாக நடிக்கச் சிவாஜி கூப்பிட்ட எஸ். எஸ். ராஜேந்திரன், முன்னமே சிவகங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று போய்விட, அந்தக் குதிரையில் ஜெமினி கணேசன் ஏறினார். காதல் மன்னனுக்குக் கத்தியைக் கொடுத்தால் என்ன ஆகும்? நிலாவில் ஒரு டூயட் ஆகும். ஆயிற்று. பி. பி. ஸ்ரீனிவாஸும் பி. சுசீலாவும் பாடின அந்த நிலாப் பாட்டில் வெள்ளையத்தேவனுக்குப் போர் ஞாபகமே இல்லை. ராமநாதனும் 'கல்யாணப் பரிசு'க்காரர்களைப் பார்த்து, "தம்பிகளா, உங்கள் ரகசியக் குரல் எனக்கும் வரும்" என்று சொல்கிற மாதிரி அதைப் போட்டிருப்பார். எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

பாட்டெழுதினவர் கு. மா. பாலசுப்பிரமணியம். கு.மா.பா.வும் ராமநாதனும் சேர்ந்து பாஞ்சாலங்குறிச்சியைத் திரும்பக் கட்டினதில் எல்லாத் தட்டுக்கும் சரக்கு இருந்தது. ஜக்கம்மாவாக நடித்த எஸ். வரலட்சுமி தம் சொந்தக் குரலில் குழந்தையைக் கொஞ்சினார். கேட்ட குழந்தைகளைவிடக் கேட்ட அப்பன்மார்தான் அதிகம் சொக்கினார்கள். காளையைப் பார்த்துச் சுசீலா பாடின பாட்டு, மாட்டுப்பொங்கலுக்கு நிரந்தரமாகக் குடிவந்தது. சீர்காழியின் வெண்கலக் குரலுக்கும் இடம் இருந்தது. ஒரு விருந்தில் பாயசத்திலிருந்து மோர்மிளகாய் வரைக்கும் வைத்த மாதிரி. இலையைப் பார்த்தால் சமையற்காரருக்கு இது கடைசிப் பந்திகளில் ஒன்று என்றே தோன்றாது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. படத்தில் வி. கே. ராமசாமி எட்டயபுரத்து எட்டப்பனாக வந்து நெளிவார், குழைவார், காட்டிக்கொடுப்பார். அந்தப் பெயர் தமிழில் வசவாகவே ஆகிப்போனது. இன்றைக்கும் எட்டயபுரத்துக்காரர் வெளியூரில் ஊர்ப்பெயரைச் சொன்னால் எதிராளி ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஆனால் ராமநாதனின் ஆர்மோனியப் பெட்டிக்குள் இருந்த சங்கீதம் இருக்கிறதே, அதைச் சோறு போட்டுக் காப்பாற்றின வீடு எது? அதே எட்டயபுரம் அரண்மனைதான். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் கண்ணை மூடினது எட்டயபுரத்தில். அவர் வம்சத்து சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்கிற மாபெரும் புத்தகத்தை 1904இல் அச்சிட்டதும் அந்த ஊர் வித்யா விலாசினி அச்சகத்தில்தான். பாஞ்சாலங்குறிச்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த வேளையில் எட்டயபுரத்துக்காரர்கள் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு வரியில் முடித்தால் இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து என்னை அடிக்க வருவார்கள். 1799க்குப் பிறகு அவர்கள் ஒன்றாகச் சேர்கிற முதல் காரியமாக அது இருக்கும்.

பாஷை விவகாரம் ஒன்று. கட்டபொம்மன் வீட்டில் பேசினது தெலுங்கு. ஜாக்சன் பேசினது இங்கிலீஷ். நடுவில் துபாஷி. இராமநாதபுரத்தில் அந்த மூன்று மணி நேரமும் இவர் சொன்னதை அவன் மாற்றிச் சொல்லி, அவர் சொன்னதை இவன் குறைத்துச் சொல்லித்தான் போயிருக்கும். சக்தி கிருஷ்ணசாமி ஒரே அடியில் துபாஷியை வேலையிலிருந்து நீக்கினார். ஜாக்சனாக வந்த சி. ஆர். பார்த்திபனுக்குத் தமிழ் வந்துவிட்டது. கட்டபொம்மனுக்கோ சங்கப்பலகையிலேயே இடம் கொடுக்கலாம் என்கிற அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது. எதுகை தவறாமல் கோபப்பட்ட பாளையக்காரர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

படத்தைக் கேவா கலரில் பிடித்து, டெக்னிகலராக மாற்ற லண்டனுக்கு அனுப்பினார்கள். ஒரு தமிழ்ப் படம் டெக்னிகலரில் வருவது அதுவே முதல் தடவை. போர்க்காட்சிகளுக்கு ஜெய்ப்பூருக்குப் போனார்கள். எங்கள் மண்கோட்டை ராஜஸ்தானத்தில் கல்கோட்டையாக வளர்ந்ததைப் பார்த்து ஒட்டப்பிடாரம் தாலுகாவே நெஞ்சை நிமிர்த்தியது. பானர்மேன் அந்தக் கோட்டையைப் பார்த்திருந்தால் பேசாமல் கிஸ்தியைத் தள்ளுபடி செய்துவிட்டுப் போயிருப்பார்.

1959 மே 10ஆம் தேதி லண்டனில் முதல் காட்சி. தூக்குப் போட்ட ஊருக்கே போய், தூக்குப் போட்டதைப் படமாகக் காட்டி, அதற்கு டிக்கெட்டும் போட்டு விற்றிருக்கிறார்கள். 1,080 வராகனுக்கு வட்டி இப்படித்தான் வசூலாக வேண்டும் என்று விதி இருந்திருக்கிறது. மே 16ஆம் தேதி நம்ம ஊருக்கு வந்தது. அடுத்த வருஷம் கெய்ரோ ஆசிய – ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு, ராமநாதனுக்குச் சிறந்த இசையமைப்பாளர் பரிசு. சூயஸ் கால்வாயில் வெள்ளைக்காரனை விரட்டி நான்கு வருஷம்கூட ஆகாத ஊர் அது. வெள்ளைக்காரனை ஒருவர் வெளுத்து வாங்குகிறார் என்றால் அதற்கு எகிப்தில் துபாஷி எதற்கு?

கெய்ரோவில் பரிசு வாங்கின அந்த மெட்டுகள் கரிசல்காட்டில் என்ன ஆயின? இங்கேதான் நான் வர வேண்டும்.

எங்கள் பக்கம் கொடை என்றாலும் கல்யாணம் என்றாலும் சடங்கு என்றாலும் முதலில் வந்து இறங்குவது ரேடியோ செட்டு. கூம்புக் குழாயை வேப்பமரத்து உச்சியில் கட்டி, கோவில்பட்டி ரோட்டைப் பார்த்துத் திருப்பிவிடுவார் ரேடியோக்காரர். பிள்ளையார் பாட்டு முடிந்ததும் கட்டபொம்மன் ரிக்கார்டு வரும். நிலாப் பாட்டு ஓடும்போது பந்தலில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். இலை போடுவார்கள், சண்டை போடுவார்கள். தாலாட்டு ஓடும்போது பெண்டுகள் மட்டும் கொஞ்சம் தலையாட்டுவார்கள். பிறகு ரேடியோக்காரர் வசன ரிக்கார்டை எடுத்து ஜிப்பாவில் ஒரு துடை துடைத்து வைப்பார். அவ்வளவுதான். சாப்பிடுகிறவன் கை இலையிலேயே நின்றுவிடும். உழுதாயா, நாற்று நட்டாயா என்கிற ரீதியில் ஜாக்சனைப் பார்த்துக் கட்டபொம்மன் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே, அந்த இடம்!

இதில் ஒரு விஷயத்தை யாரும் கேட்டதில்லை. அந்தப் பட்டியலில் வருகிற வேலைகள் பாதி, நஞ்சை வேலை. எங்கள் ஊரோ மானாவாரி. கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும்தான். நாற்று என்பதை நாங்கள் பாடப்புத்தகத்துப் படத்தில் பார்த்திருக்கிறோம். தாமிரபரணிக்காரன் கேட்க வேண்டிய கேள்வியை வைப்பாற்றங்கரைக்காரன் கேட்டான். அதற்கென்ன, ஆவேசத்துக்குப் பாசனம் வேண்டுமா?

ஆக, ஆல்பத்தின் சூப்பர் ஹிட் எது என்றால், மெட்டே போடாத ஒரு துண்டு. பாவம் ராமநாதன். இருபது வருஷ அனுபவத்தைக் கரைத்து ஊற்றி மெட்டு மெட்டாகச் செதுக்கிவைத்தார். ஊர் பாடினதெல்லாம் அவர் கைவைக்காத வசனத்தை. பாட்டுக்கு வரிகள் இருந்தன; வசனத்துக்கு 'வரி'யே இருந்தது. அது ஜெயித்துவிட்டது.

வரி என்றதும் இன்னொன்று. தியேட்டரில் அந்த வசனத்துக்கு விசில் அடித்தவர்கள் எல்லோரும் உள்ளே நுழையும்போது டிக்கெட்டோடு சேர்த்துக் கேளிக்கை வரி கட்டிவிட்டு வந்தவர்கள். 1939இல் வந்த சட்டம். வரி கொடுக்க முடியாது என்று ஒருவர் கர்ஜிப்பதைக் கேட்க, சனங்கள் வரிசையில் நின்று, முண்டியடித்து, சட்டை கிழிய வரி கொடுத்தார்கள். சிலர் ஒரே வாரத்தில் மூன்று தடவை கொடுத்தார்கள். படம் வெள்ளிவிழா ஓடியது. லூசிங்டன் துரைக்கு இந்த உபாயம் தெரியாமல் போயிற்று. ஒரு கொட்டகை கட்டியிருந்தால் போதும், பீரங்கிச் செலவே மிச்சம்.

ஜெயித்த சூட்டோடு பந்துலு அதே கரிசலில் அடுத்த விதை போட்டார். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கூப்பிடு தூரம் ஒட்டப்பிடாரம், வ.உ.சி. பிறந்த ஊர். 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்'. சிவாஜி வ.உ.சி., டி. கே. சண்முகம் சுப்பிரமணிய சிவா, எஸ். வி. சுப்பையா பாரதி. பாட்டெல்லாம் பாரதியுடையது. மெட்டு மறுபடியும் ராமநாதன். பாரதி எந்த ஊர்? எட்டயபுரம். இரண்டு வருஷம் முன்னால் எந்த ஊர்ப் பெயரை வசவாக்கினார்களோ அந்த ஊர்ப் பிள்ளையின் பாட்டை வைத்துத்தான் இந்தப் படத்தையே நிறுத்தினார்கள். ராமநாதனின் கடைசிக் காலத்து வேலைகளில் எனக்கு இதுதான் உச்சம். கட்டபொம்மனில் கடைக்காரர் எல்லாச் சரக்கையும் எடுத்துப் பரப்பியிருப்பார். இதில் அலமாரியைச் சாத்திவிட்டுப் பாரதியின் சொல்லுக்குப் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருப்பார். மெட்டு எங்கே முடிந்து கவிதை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் பாரதி பாட்டுப் பாடுகிற பிள்ளைகளில் பாதிப் பேர், பாரதி அந்த மெட்டோடு சேர்த்துத்தான் எழுதினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

படம் விழுந்தது. செக்கிழுப்பதைப் பார்க்கக் காசு கொடுத்து எவன் வருவான் என்று கொட்டகைக்காரர்கள் கையை விரித்தார்கள். சிங்கம் தூக்கில் தொங்கலாம், சிங்கம் மண்ணெண்ணெய் விற்கக் கூடாது. ரசிகனின் நியாயம் அது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலைப் போலவே பந்துலுவின் கப்பலும் கடனில் நின்றது. இந்தப் படத்துக்கு அரசாங்கம் பிற்பாடு வரிவிலக்குக் கொடுத்தது. வரியே கட்டமாட்டேன் என்றவன் படத்துக்கு வரி உண்டு, கூட்டமும் உண்டு. கூட்டம் வராத படத்துக்குக் கூட்டம் போன பிறகு வரி இல்லை. எங்கள் ஊரில் மழைக்குப் பிறகு குடை வாங்கித் தருகிற மாமன்மார் இப்படித்தான்.

1963 நவம்பரில் ராமநாதன் போய்விட்டார். கு.மா.பா.வின் பாட்டு இதற்கிடையில் கோவில்பட்டிக்கே வந்து வாழ்ந்துவிட்டுப் போனது. 1962 பொங்கலுக்கு வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியாக நாயனம் பேசுமே, அது கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம், இசை எஸ். எம். சுப்பையா நாயுடு. 1964இல் அருணாசலமும் போனார், நாற்பத்து மூன்று வயதில். அது தனிக் கதை. அதை விளையாட்டாகச் சொல்ல எனக்கு மனசு வராது.

கடைசியாகப் பார்த்த கச்சேரியைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் ஒரு சித்திரை மாதம், எங்கள் ஊர் அம்மன் கொடை. மூன்று வருஷமாக மழை இல்லை. கிஸ்தி வஜா கேட்டு ஊரே கைநாட்டு வைத்து மனுப் போட்டிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு வசன ரிக்கார்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டபொம்மன் முதல் கேள்வியைக் கேட்டு, இரண்டாவது கேள்விக்கு மூச்சு இழுத்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. குழாய் ஒரு முனகலோடு படுத்துக்கொண்டது. மையிருட்டு.

யாரும் எழுந்திருக்கவில்லை. இருட்டுக்குள்ளிருந்து ஒரு பொடியன் இரண்டாவது கேள்வியைக் கேட்டான். மூன்றாவதை நாலைந்து பேர் சேர்ந்து கேட்டார்கள். அடுத்தது ஊரே கேட்டது. பல் போன கிழவிகள் கேட்டார்கள். வேப்பமரத்தில் கூம்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ரேடியோக்காரர் மரத்தில் இருந்தபடியே கேட்டார். எல்லோரையும் மீறி ஒரு குரல் மட்டும், சிவாஜியே தோற்றுப்போகிற மாதிரி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டி, கடைசிவரைக்கும் விடாமல் முழங்கியது. முடிந்ததும் அம்மன் கோயில் மணியை யாரோ அடித்தார்கள். அப்படி ஒரு கைதட்டல்.

"யாருலே அது, இந்தப் போடு போடுறான்?" என்றார் என் பெரியப்பா.

யாரோ தீக்குச்சி கிழித்தார்கள். எங்கள் ஊர் கிராம முன்சீப் மீசையை முறுக்கிவிட்டபடி நின்றுகொண்டிருந்தார். துண்டால் நெற்றி வியர்வையைத் துடைத்தார். குச்சி அணைவதற்குள் என் பெரியப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன வே மாமா, இங்கனதான் இருக்கீரா? உம்ம பாக்கி ரெண்டு பசலியா நிக்குல்லா. காலைல தலையாரிய அனுப்புதேன், வீட்டுலயே இரும்."